நண்டு மாவு

குடிக்கக் கொடுத்த தண்ணீரில் பாதியைத்தான் அரவிந்தவல்லி குடித்தாள். மீதியை ஜன்னலோரம் எடுத்துப் போனாள். எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியாது என்பதால் கைப்பையில் இதற்கென்றே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி உண்டு. அதில் தண்ணீரை ஊற்றினாள். முதல் சீசாவிலிருந்து ஐந்து சொட்டு விட்டதும் அம்மோனியா நெடி கூடம் முழுக்கப் பரவியது. கிரகப்பிரவேசத்துக்கு வந்திருந்த நாலைந்து பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள். அவள் அதைக் கவனிக்கவில்லை. காது குடையும் குச்சி முனையளவு கறுப்புப் பொடியைப் போட்டுக் குலுக்கினாள். தண்ணீர் பீட்ரூட் சாறு போலச் சிவந்தது. அடுத்த சீசாவிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு வாய்க்குள் எண்ணினாள். இருபத்து மூன்றாம் சொட்டில் சிவப்பு போய் நீலம் வந்தது.

“சுண்ணாம்பு அறுநூத்தித் தொண்ணூறு,” என்றாள் வீட்டுக்காரி நாராயணியிடம். “இந்தத் தண்ணில பருப்பு வேகாதுடி.”

நாராயணி அவளுக்குச் சித்தி மகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கடன் வாங்கி, போர் போட்டு, வீடு கட்டி, அன்றுதான் பால் காய்ச்சியிருந்தாள். உள்ளே பந்தியில் சாம்பார் போய்க்கொண்டிருந்தது. அரவிந்தவல்லியின் கணவர் வேங்கடேசன் செருப்பைத் தேடப் போகிறவர்போல மெதுவாக வாசலுக்கு நழுவிவிட்டார். இருபத்தைந்து வருஷ தாம்பத்தியத்தில் அவர் கற்ற வித்தை அது.

சொந்தக்காரர்கள் அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதற்குப் பதில் காப்பி கொடுக்கப் பழகிக்கொண்டார்கள். பயனில்லை. காப்பி திரிந்திருந்தால் அதற்கும் அவளிடம் ஒரு எண் இருக்கும்.

வயது நாற்பத்தெட்டு. படித்தது எம்.எஸ்ஸி. வேதியியல். பதினாறு வருஷம் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துத் தொண்டை கட்டிப்போய், இப்போது ஐந்து வருஷமாக ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகும் சாலையில் உள்ள ஒரு பேண்டேஜ் துணி ஆலையில் வேலை. தறியிலிருந்து மஞ்சளாக, பசையும் அழுக்குமாக வரும் துணியை அங்கே பெரிய எஃகுக் கலத்தில் போட்டு வேக வைப்பார்கள். அந்தக் கலத்துக்குக் கியர் என்று பெயர். காஸ்டிக் சோடாவும் பெராக்சைடும் சேர்த்து நாலு மணி நேரம் கொதிக்க விட்டால் துணி மல்லிகைப்பூ நிறத்தில் வெளியே வரும். பிறகு கழுவி, உலர்த்தி, வெட்டி, சுருட்டி, ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். முதலாளி பக்கீர் முகமதுவின் மகள் ஆலியா அவளிடம் படித்தவள். அந்தப் பழக்கத்தில் அவரும் அவளை டீச்சர் என்றே கூப்பிடுவார். ஆலைக்காரர்களுக்கு அவள் லேப்பம்மா. லேப் என்பது பழைய டீசல் ரூம். ஒரு மேஜை, ஒரு தராசு, கண்ணாடிக் குழாய்கள், கதவைத் தட்டாமல் உள்ளே வரும் இரண்டு பூனைகள்.

அவளுடைய உயிர் ஒரு வெள்ளைப் பொடியில் இருக்கிறது. சாக்கில் ஈடிடிஏ என்று எழுதியிருக்கும். ஐந்து வருஷத்துக்கு முன் முதல் சாக்கு வந்திறங்கிய அன்று கியர் ஆட்கள் எல்லாரையும் நிற்க வைத்து அவள் பாடம் நடத்தினாள். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் சுண்ணாம்பு இருக்கிறது, இரும்பு இருக்கிறது. இந்தப் பொடி நண்டு மாதிரி. ஆறு பிடி வைத்திருக்கிறது. ஆறாலும் ஒரு உலோக அணுவைக் கவ்விக்கொண்டால் பிறகு அது யார் வம்புக்கும் போகாது. ஒரு நண்டுக்கு ஒரு அணுதான், இரண்டு கேட்காது. ஆகவே தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் எண்ண வேண்டும், எண்ணின அளவுக்கு மாவு போட வேண்டும். பிடிக்காமல் விட்ட இரும்பு துணியில் உட்கார்ந்ததென்றால், பெராக்சைடு அந்த இடத்தில் மட்டும் வெறி பிடித்தமாதிரிப் பொங்கித் துணியைத் தின்றுவிடும். ஓட்டை விழும்.

பாடம் முக்கால் மணி நேரம் நடந்தது. அவர்களுக்கு மனதில் நின்றது நண்டு மட்டும். அன்று முதல் அதற்கு நண்டு மாவு என்று பெயர். ஸ்டோர் நோட்டிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவள் மூன்று தடவை அடித்துத் திருத்திவிட்டு விட்டுவிட்டாள்.

அந்த மாவு எங்கெங்கே இருக்கிறது என்று சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. ஷாம்பு பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் அது இருப்பதைக் காட்டுவாள். வேங்கடேசனுக்கு மூன்று மாத சுகர் பார்க்க ரத்தம் எடுக்கப் போனால், ஊதா மூடிக் குழாயை வாங்கி வைத்துக்கொண்டு, இதற்குள் தடவியிருப்பதும் அதுதான், ரத்தத்தில் உள்ள கால்சியத்தைக் கவ்விவிடும், கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது என்று ஊசி போடும் பெண்ணுக்கே வகுப்பு எடுப்பாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் கூமாப்பட்டிக்காரர் ஒருவர் நெல்லுக்கு அடிக்கத் துத்தநாக மருந்து வாங்கிப் போனால், அந்தத் துத்தநாகத்தை மண்ணில் வீணாகாமல் வேர்வரை தூக்கிப்போவதும் இதே நண்டுதான் என்பாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிடுவார்.

இத்தனை பேரையும் பொறுத்துக்கொண்டவளுக்கு ஒருவரை மட்டும் பொறுக்க முடியவில்லை. கியர் மாஸ்டர் இருளப்பசாமி. சோழபுரத்துக்காரர், அறுபதை நெருங்குகிறவர், முப்பத்தோரு வருஷமாகத் துணி வேக வைக்கிறவர். அவர் தண்ணீரைச் சோதிக்கிற விதம் வேறு. சுண்டுவிரலைத் தொட்டியில் விட்டு நாக்கில் வைப்பார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பார்.

“நல்ல தண்ணி லேப்பம்மா. மாவு ரெண்டு கிலோ போதும்.”

அவள் அரை மணி நேரம் குப்பியும் சொட்டுமாக நின்று கணக்குப் போட்டால் இரண்டு கிலோ நூறு கிராம் என்று வரும். அதுதான் அவளுக்கு ஆறவே ஆறாது. தப்பாகச் சொல்லித் தொலைத்தாலாவது திட்டலாம். காஸ்டிக் தொட்ட விரலை ஒருநாள் நக்கப் போகிறீர்கள் மாஸ்டர், நாக்கு வெந்துபோகும் என்று எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டாயிற்று. வெந்த நாக்குதான் இது, இனிமேல் என்ன வேகப்போகிறது என்பார்.

இப்படி இருக்கும்போது ஆனி மாதத்தில் ஓட்டை விழத் தொடங்கியது.

சுருட்டும் பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். விளக்குக்கு நேரே பிடித்தால் எள்ளளவு எள்ளளவாகத் துவாரங்கள், சுற்றிலும் லேசான பழுப்பு. கியரில் ஒரு தடவை வேகும் ஒரு ஈடு துணி, நாலாயிரம் மீட்டர், கழிவுக்குப் போயிற்று. அரவிந்தவல்லி தண்ணீரைச் சோதித்தாள். சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அடுத்த ஈட்டுக்கு மாவைக் கூட்டினாள். ஓட்டையும் கூடியது. மூன்றாம் ஈட்டுக்கு மாவை இரண்டு மடங்காக்கினாள். துணி சல்லடையாக வந்தது.

அவள் தொட்டியைக் கழுவ வைத்தாள். குழாய்களைக் கழற்றிப் பார்த்தாள். பெராக்சைடு கேன்களை முகர்ந்தாள். ராத்திரிச் சாப்பாட்டின் நடுவே எழுந்து போய்க் குறிப்பு எழுதினாள். நாலு நாள் வேங்கடேசனுக்கு உப்பில்லாத ரசம்தான், அவரே உப்பு ஜாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். இருளப்பசாமியோ ஒன்றுமே நடக்காத முகத்தோடு, விரலை நாக்கில் வைத்துவிட்டு, தண்ணீரில் கோளாறு இல்லை, மாவில்தான் ஏதோ இருக்கிறது என்றார். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் பூனைகள் இரண்டும் லேப்பைவிட்டு ஓடிப்போயின.

புதன்கிழமை பக்கீர் முகமது லேப்புக்கே வந்தார். உட்காரவில்லை. மேஜையில் இருந்த கண்ணாடிக் குழாய்களைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“டீச்சர், லேப் இல்லாத காலத்துல எனக்கு ஓட்டை விழல. நான் படிக்காதவன், எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். வெள்ளிக்கிழமை போடுற ஈடும் இப்பிடி வந்துச்சுன்னா லேப்பை மூடிருவோம். மாஸ்டர் பழையபடி பாத்துக்கிடட்டும்.”

மரியாதையாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஐந்து வருஷம் எண்ணிய சொட்டுகள் எல்லாம் ஒரு சுண்டுவிரலிடம் தோற்றுப்போவதா என்று நெஞ்சு எரிந்தது. நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு பள்ளியில் போய்ச் சாக்பீஸ் எடுக்கத் தொண்டையும் இல்லை.

அவர் போன பிறகு ஓட்டை விழுந்த துணித் துண்டு ஒன்றைப் பீங்கான் தட்டில் வைத்து, இரண்டு சொட்டு அமிலமும் வேறொரு மருந்தில் ஒரு சொட்டும் விட்டாள். ஓட்டையின் விளிம்பு மட்டும் கரும் நீலமாகியது. இரும்பு. தண்ணீரில் வராத இரும்பு. அப்படியானால் கலத்துக்குள்ளேயே இருக்கிறது.

கழிவுத் துணியில் எண்பது மீட்டரை இழுத்துவந்து, காயப்போடும் முற்றத்தில் நீளமாக விரிக்கச் சொன்னாள். மதிய வெயிலில், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து ஒவ்வொரு ஓட்டைக் கூட்டத்துக்கும் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனாள். லேப்பம்மா கோலம் போடுகிறார்கள் என்று டெம்போக்காரர்கள் சிரித்தார்கள். வட்டங்கள் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி வந்தன. முதல் வட்டம் பெரிது, அடுத்தது கொஞ்சம் சிறிது, பதினோராம் வட்டத்தில் ஒரே ஒரு துளை, அதற்குப் பிறகு துணி சுத்தம். கியரில் துணியை ஒன்றரை மீட்டர் மடிப்பாகத்தான் அடுக்குவார்கள். ஆகவே பதினொரு மடிப்புக்கும் ஒரே இடம். இரும்பு அடுக்கின் உச்சியில், ஒரே புள்ளியில் இருந்து கீழே ஊறியிருக்கிறது. மற்ற இரண்டு ஈட்டின் துணியை விரித்தபோதும் வட்டங்கள் அப்படியே வந்தன.

தானாக விழுந்த இரும்பு மூன்று ஈட்டிலும் ஒரே இடத்தில் போய் உட்காராது. எவனோ கொண்டுபோய் வைக்கிறான் என்று அவளுக்கு உறைத்தது.

வெள்ளோட்டமாக ராத்திரி வேக வைத்த ஒரு சிறு ஈட்டை வியாழக்கிழமை விடிய இறக்க வேண்டியிருந்தது. எப்போதும் எட்டரைக்கு வருகிறவள் ஐந்தரை பஸ்ஸைப் பிடித்து ஆறேகாலுக்கே வந்து, டிரம்களுக்குப் பின்னால் நின்றாள். இருளப்பசாமி தனியாக மூடியைத் திறந்தார். கழுவுநீர் வடிந்து ஆவி அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு கையை முழங்கைவரை கலத்துக்குள் விட்டு, மேல் மடிப்புக்கு அடியிலிருந்து சின்ன முடிச்சு ஒன்றை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

“மாஸ்டர், மடியில என்ன?”

அவர் திடுக்கிடவில்லை. மறைக்கவும் இல்லை. முடிச்சை எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் துணி, துருவேறிப் பழுப்பாகி, விரல் பட்டால் உதிரும் அளவுக்கு இற்றுப்போயிருந்தது. உள்ளே நாலு ஆணிகள். கதவுக்கு அடிக்கிற, விரல் நீள ஆணிகள்.

“பாத்தியளா, எம்புட்டுக் கண்ணு விழுந்திருக்குன்னு,” என்றார் அவர். “துணியே இத்துப்போச்சு. மொத ஈட்டுக்கு ஒண்ணுதான் வெச்சேன். ஓட்டை விழுந்துச்சு, ஒண்ணு பத்தலைன்னு ரெண்டா வெச்சேன். பொறவு மூணு. நேத்து நாலு.”

அவள் மாவைக் கூட்டக் கூட்ட அவர் ஆணியைக் கூட்டியிருக்கிறார். அரவிந்தவல்லி பக்கத்தில் இருந்த டிரம்மின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நண்டு தண்ணீரில் கரைந்து வரும் இரும்பைத்தான் பிடிக்கும், ஆணியையே தின்னுமா? அதுவும் காஸ்டிக் கொதிக்கிற சூட்டில் இரும்பின்மேல் அதன் பிடியே தளர்ந்துவிடும். எதுக்கு மாஸ்டர், என்று மட்டும் கேட்டாள்.

கறிச்சோறு வெளியே எடுத்துப் போனால், பேய் அண்டாமல் இருக்கக் கூட ஒரு இரும்பும் கரித்துண்டும் வைப்போமே, அதுமாதிரிதான் என்றார். ரத்தம் படப் போகிற துணி. இத்தனை வருஷமாகத் தோன்றாதது இப்போது ஏன் தோன்றியது என்று அவள் விடாமல் கேட்டாள். அவர் கலத்துக்குள் பார்த்துக்கொண்டு மனைவியின் கதையைச் சொன்னார்.

“சண்முகத்தாய்க்குச் சித்திரையில கர்ப்பப்பை எடுத்தாவல்ல. புண்ணு ஆறவே இல்ல. கட்டுப் பிரிக்கையில பாத்தேன், நம்ம துணி. கரையைப் பாத்தாலே எனக்குத் தெரியும். நான் வேக வெச்சதுதான அவ வயித்துல கெடந்துச்சு. என்னமோ காவல் இல்லாம அனுப்பிட்டேன்னு மனசுல விழுந்துருச்சு. வார புதங்கிழமை மறுபடி தையல் போடணும்ங்காவ.”

துணியால் இல்லை மாஸ்டர், அவளுக்குச் சுகர் இருக்கிறது, சுகர் இருந்தால் புண் ஆறாது, அதுவும் போக ஆஸ்பத்திரியில் துணியை மறுபடி அவித்துத்தான் கட்டுவார்கள் என்று அரவிந்தவல்லி எடுத்துச் சொன்னாள். தன் குரல் ஏன் இவ்வளவு தணிந்து வருகிறது என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. மனுஷன் மூன்று ஈடு துணியை நாசமாக்கி, அவள் வேலைக்கே உலை வைத்திருக்கிறார். வெளுத்து வாங்க வேண்டிய நேரத்தில் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஒன்றையும் நம்பவில்லை என்பது அந்த ஆட்டலிலேயே தெரிந்தது. இனி ஆணி வைப்பதில்லை என்று மட்டும் வாக்குக் கொடுத்தார்.

ஒன்பது மணிக்குப் பக்கீர் முகமதுவிடம் போனாள். மேலே இரும்பு கிடந்தது, எடுத்தாயிற்று என்றாள். யார் வைத்தது என்று அவர் கேட்டார்.

“வெள்ளிக்கிழமை ஈட்டைப் பாத்துட்டு என்னைக் கேளுங்கோ பாய். அதுவும் ஓட்டைன்னா நானே லேப்பைப் பூட்டிச் சாவியக் குடுத்துடறேன்.”

அவர் சரி என்று போனை எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. துணி அடுக்கியாகிவிட்டது. தண்ணீர் எண்ணியாகிவிட்டது. மாவு, எண்ணின அளவுக்கு ஒரு கிராம் கூடவோ குறையவோ இல்லாமல், கரைத்து ஊற்றியாகிவிட்டது. மூடியை இறக்கி, குழாய் வழியே காஸ்டிக்கும் பெராக்சைடும் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. இருளப்பசாமி சங்கிலியைப் பிடித்தபடி நின்றார். இறக்கவில்லை. மனசு கேக்கலை லேப்பம்மா, என்றார்.

இந்தக் கலமே இரும்பில் செய்ததுதானே, இதைவிட என்ன காவல் வேண்டும் என்று அவள் கேட்டாள்.

“அது பாத்திரம்லா. காவலுக்கு வெச்சது தனியா இருக்கணும்.”

இப்படித்தான் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். தலையில் அடித்துக்கொள்ளக் கை உயர்ந்தது, பாதியில் கைப்பைக்குள் போயிற்று. வெளியே வந்தபோது அதில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் இருந்தது. கட்டைவிரல் கனம், வெள்ளிபோலப் பளபளப்பு. முந்தைய நாள் மதியம் ஸ்டோரில் இருந்து எடுத்து, காஸ்டிக்கும் பெராக்சைடும் நிறைத்த பீக்கரில் ஒரு முழத் துணியோடு நாலு மணி நேரம் கொதிக்க வைத்துப் பார்த்திருந்தாள். சாயங்கால பஸ்ஸை அதற்காகவே விட்டாள். துணியில் ஒரு துளை இல்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இருளப்பசாமி வாங்கி உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தார்.

“இது இரும்புதானா?”

“நூத்துல எழுபது பங்கு இரும்பு.”

“மிச்சம் முப்பது?”

“அது, இந்த எழுபதைத் துருப்பிடிக்க விடாம பாத்துக்கறது.”

பளபளப்பு அவருக்குச் சம்மதமாக இல்லை. கறுப்பாக, கரடாக இருந்தால்தான் அவருக்கு இரும்பு. ஆனால் லேப்பம்மா எண் சொல்லிவிட்டாள். ஐந்து வருஷத்தில் அவள் சொன்ன எண் எதுவும் பொய்த்ததில்லை என்பது அவர் நாக்குக்குத் தெரியும். போல்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவளிடமே நீட்டினார்.

“எங் கை ராசி சரியில்ல. நீங்களே வெச்சிருங்க.”

அடுக்கின் அந்தப் பக்கம் நின்ற ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். பக்கீர் முகமது ஆபீஸ் வாசலில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அரவிந்தவல்லி போல்ட்டை வாங்கினாள். முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, மரை மரையாகத் திருப்பி, எங்கும் துரு இல்லை என்று பார்த்தாள். பிறகு இரும்பு ஏணியில் இரண்டு படி ஏறி, சூடாகத் தொடங்கியிருந்த துணிக்குள் முழங்கைவரை கையை விட்டு, பதினொரு மடிப்புக்கும் நடுவாக வரும்படி அதை வைத்துவிட்டு, மேல் துணியைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள்.